ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி

ஆகஸ்ட் 17, வியாழன்

சர்க்கரை, வெறும் வயிற்றில் 158.

இது பேங்க் டைரி. என் பேத்தி யுவராணி கொடுத்தது. ஓசூரில் பேங்க் ஆபீசர் அவள். பரீட்சை எழுதிய அத்தனை ஆயிரம் பேரில் முதல் தடவையிலேயே தேறினவள். அவள் அண்ணன் நவீன் கிருஷ்ணகிரியில் பல் டாக்டர். சொந்த கிளினிக், இரண்டு நாற்காலி, ஏசி. அவன்தான், "ஆயா, தினம் சர்க்கரை எவ்ளோன்னு இதுல எழுதி வை, மாசம் ஒருவாட்டி நான் பாக்கறேன்" என்றான். ஒரு எண்ணுக்கு இவ்வளவு பெரிய பக்கம் எதற்கு? மீதியை நான் நிரப்பிக்கொண்டு வருகிறேன். அவன் மேல்வரியை மட்டும் பார்ப்பான், அவசரக்காரன்.

அவர்கள் இரண்டு பேரும் என் பெரிய மகன் குணசேகரின் பிள்ளைகள். சின்ன மகன் தனசேகருக்கு ஒரே பெண், எழிலரசி. அவளைப் பற்றி எழுத ஒரு டைரி போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து முதல் ராங்க். பத்தாவதில் மாவட்டத்தில் இரண்டாவது. பன்னிரண்டாவதில் பள்ளிக்கூடத்துக்கே முதல். படம் பேப்பரில் வந்தது. சென்னையில் பிசிக்ஸ் படித்துத் தங்க மெடல். பெங்களூரில் ஆறு வருடம் நட்சத்திரங்களை ஆராய்ந்து டாக்டர் பட்டம். இப்போது ஜெர்மனியில் மூன்று வருட வேலை கிடைத்திருக்கிறது. திருப்பத்தூரில் எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள், இப்படி ஒரு பெண் எந்த வீட்டிலாவது உண்டா என்று.

ஆறு வயதிலிருந்து அவளை வளர்த்தது நான். நான் மட்டும்.

விசா வரும்வரை இங்கே இருக்கப்போகிறாளாம். ஞாயிற்றுக்கிழமை வருகிறாள். மெத்தையை வெயிலில் போட்டேன்.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

வந்துவிட்டாள். இளைத்திருக்கிறாள். கழுத்தில் ஒன்றும் இல்லை, காதில் சின்னப் பொட்டு. "கல்யாணத்துக்குப் போட்ட செயின் எங்கடி?" என்றேன். "எனக்கு எப்ப ஆயா கல்யாணம் ஆச்சு?" என்கிறாள். யுவராணி கல்யாணத்தைச் சொன்னேன் என்று அவளுக்கும் தெரியும். வாய் அப்படியே இருக்கிறது.

கோழிக் குழம்பு வைத்தேன். மூன்று தடவை போட்டுக்கொண்டாள். மாடியிலிருந்து குணசேகர் இறங்கி வந்து, "வாம்மா சயின்டிஸ்ட்டு" என்றான். அவன் இரும்புக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஆகஸ்ட் 21, திங்கள்

சர்க்கரை 149. கீரைக்காரி வரவில்லை.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

நட்சத்திரம் பார்க்கிற பெண் ராத்திரியில் மொட்டை மாடியில் நிற்பாள் என்று நினைத்தேன். இவள் பகலெல்லாம் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு எண்களைப் பார்க்கிறாள். ராத்திரி ஒன்பதரைக்குத் தூங்கிவிடுகிறாள். எதிர்வீட்டு நாகம்மாள் எட்டிப் பார்த்து, "உங்க பேத்தி ஏதோ கணக்கு எழுதற மாதிரி இல்ல இருக்குது?" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

"ஏண்டி, வானத்தப் பாக்க மாட்டியா?"

"வானத்துல ஒரு டெலஸ்கோப்ப கொண்டு போயி நிறுத்தியிருக்காங்க ஆயா. அது பாத்துச் சொல்லும். கோடிக்கணக்கான நட்சத்திரம் எங்க இருக்கு, எந்தப் பக்கம் போவுது, எவ்ளோ வேகம். நான் அதுல தேடறேன்."

"எதத் தேடற?"

வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னாள். வானத்தில் பெரிய நட்சத்திரங்கள் பெரும்பாலும் ஜோடியாகத்தான் இருக்குமாம். ஒன்றையொன்று சுற்றிக்கொண்டே.

"தட்டாமால சுத்தற மாதிரி வெச்சுக்கோ. ரெண்டு பேரு கையக் கோத்துகினு வேகமா சுத்தறாங்க. திடீர்னு ஒருத்தர் கை இல்லாமப் போயிடுச்சுன்னா?"

"இன்னொருத்தி போயி செவுத்துல முட்டிக்குவா."

"அங்க செவுரு இல்ல. போய்க்கினே இருப்பா. ஜோடியில ஒண்ணு வெடிச்சுடும் ஆயா. வெடிச்ச எடத்துல வெறும் புகைதான் இருக்கும். இன்னொண்ணு, சுத்தின அதே வேகத்துல ஒரே நேர்க்கோட்டுல பறந்து போயிடும். அப்படிப் போனதுங்களத்தான் நான் தேடறேன்."

"போனதத் தேடி இன்னா பண்ணப் போற?"

"எங்கேர்ந்து போச்சுன்னு கண்டுபிடிப்பேன். இப்ப எங்க இருக்கு, எவ்ளோ வேகம்னு தெரிஞ்சா அப்படியே பின்னாடி ஓட்டிப் பாக்கலாம். பத்தாயிரம் வருஷம், முப்பதாயிரம் வருஷம். ஓட்டிகினே போனா, வெடிச்ச நேரத்துல அந்தப் புகையோட நடுவுல வந்து நிக்கணும். நின்னா அதுதான்."

முப்பதாயிரம் வருடத்துக்கு முன்னால் நடந்ததை ஒருத்தி சமையலறையில் உட்கார்ந்து கண்டுபிடிக்கிறாள் என்றால் படிப்பு படிப்புதான். நாகம்மாளிடம் நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 25, வெள்ளி

சர்க்கரை 171.

சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். எழில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆயா, போறதுக்கு முன்னாடி எங்கம்மாவப் பாக்கணும்."

நான் திரியைத் தூண்டினேன்.

"மூணு வருஷம் ஆயா. அப்பறம் எங்க போவேன்னு எனக்கே தெரியாது. ஒரே ஒருவாட்டி பாத்துட்டு வந்துடறேன். எங்க இருக்காங்கன்னு உனக்கு எதுனா தெரியுமா?"

"தெரியாது" என்றேன்.

"பெரியப்பாவுக்கு?"

"அவனுக்கு எப்படித் தெரியும்? போனவ சொல்லிகினா போனா?"

இந்த வீட்டில் அவள் பேரை யாரும் சொல்வதில்லை. ஆனாலும் நடந்ததை எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது படித்தால் தெரியட்டும். 2001ஆம் வருடம் புரட்டாசி முதல் சனிக்கிழமை. பட்டப்பகலில், புதுப்புடவை கட்டிக்கொண்டு, பெற்ற பெண்ணை விட்டுவிட்டு, ரேணுகா இந்த வாசற்படி இறங்கிப் போனாள். திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மாதம் முடிவதற்குள் என் மகன் தனசேகர் போய்விட்டான். முப்பத்து மூன்று வயது. நெஞ்சு வெடித்துத்தான் போனான். எழிலுக்கு நான் எப்போதும் சொன்னது இதுதான். அவளும் இதைத்தான் நினைவு வைத்திருக்கிறாள்.

"வீடு நெறைய ஆளுங்க, வடை பாயசம், அம்மா புதுப்புடவையில, இதுதான் ஆயா எனக்கு ஞாபகம் இருக்குது" என்றாள். "மொகம் கூட ஞாபகம் இல்ல. புடவை மட்டும் மாம்பழக் கலரு."

"உன்ன வேணாம்னு போனவளப் பாத்து இன்னா பண்ணப் போற? நான் இருக்கேன் இல்ல?" என்றேன்.

"நீ இருக்கறே ஆயா" என்று என் தோளில் தலையை வைத்தாள்.

பீரோ சாவியை வழக்கமாக அரிசி டப்பாவில் வைப்பேன். இன்றைக்கு எடுத்துத் தலையணை உறைக்குள் வைத்தேன். திருட்டுப் பயம் அதிகமாகிவிட்டது என்று பேப்பரில் போட்டிருக்கிறது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

எழிலுக்கு வயிற்று வலி. வெளியில் பிரியாணி தின்றது. "ஓமம் இருக்குதா ஆயா? கொஞ்சம் தண்ணி போட்டுக் குடு" என்றாள். இந்த வீட்டில் ஓமம் வாங்குவதில்லை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி வரச் சொன்னேன்.

"எல்லா ஆயாவும் கைவைத்தியம் பண்ணும். என் ஆயா மட்டும் தும்முனாக்கூட டாக்டரப் பாருன்னு சொல்லும்" என்று சிரித்தாள்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

விசா வந்துவிட்டது. செப்டம்பர் பதினான்காம் தேதி பெங்களூரிலிருந்து விமானம். தெரு முழுக்கச் சாக்லெட் கொடுத்தேன்.

அவளுக்கு முகத்தில் சந்தோஷம் இல்லை. ஒரு நட்சத்திரத்தைப் பிடித்து வைத்திருக்கிறாளாம், இரண்டு வருடமாக. புகை நடுவிலிருந்து வந்தது அதுதான் என்று இவள் சொல்கிறாள். இவளுடைய சார் போனில், அது இல்லை என்கிறார். மேசையில் இவள் ஆங்கிலத்தில் சண்டை போட, நான் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.

"இன்னாவாம் அந்தாளுக்கு?"

"வெடிச்சதால வந்தது இல்லங்கறாரு. நட்சத்திரங்க கூட்டமா நெருக்கியடிச்சுகினு இருக்கற எடம் ஒண்ணு இருக்குது. அங்க ஒண்ணுமேல ஒண்ணு இழுத்துத் தள்ளினா, வெடிக்காமலே ஒண்ணு வெளிய வந்து விழும். அப்படித் தள்ளிவுட்டதா இருக்கும்ங்கறாரு."

"எதுவா இருந்தா இன்னாடி? ரெண்டுலயும் வெளிய வந்தாச்சு."

"அப்படி இல்ல ஆயா. எதால போச்சுங்கறதுதான் கேள்வியே." பேனாவால் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அந்தப் புகையோட வயசு சரியாத் தெரியல. பழைய ஆராய்ச்சிப் பேப்பர்ல ஒருத்தர் ஒரு வயசு போட்டுட்டாரு. எல்லாரும் அதையே எடுத்துப் போட்டுகினு வராங்க. யாரும் திரும்ப அளந்து பாக்கல. நான் அளக்கப் போறேன்."

முருங்கைக்காய் முற்றல்.

செப்டம்பர் 1, வெள்ளி

வருகிற திங்கட்கிழமை தனசேகருக்குத் திதி. எழில் ஆறாவதிலிருந்து ஹாஸ்டல், அப்புறம் சென்னை, பெங்களூர். ஒரு வருடமும் திதிக்கு ஊரில் இருந்ததில்லை. நானும் குணசேகரும்தான் ஏரிக்கரைக்குப் போய்ச் செய்துவிட்டு வருவோம். இந்த வருடம் பெண் இருக்கிறாள். அழைத்துக்கொண்டு போகலாம் என்றேன்.

குணசேகர் குரலைத் தாழ்த்தினான். "எதுக்குமா அவள? நாம மட்டும் போயி வந்துடலாம்."

"ஏன், பெத்த பொண்ணு. ஜெர்மனி போறவ வந்து எள்ளுத் தண்ணி வுட்டா என் பிள்ளைக்குக் குளிரும். அங்க அத்தினி பேரு இருப்பாங்க. ஐயரு வருஷா வருஷம் 'பேத்தி என்ன பண்றா'ன்னு கேக்கறாரு. பாக்கட்டும்."

"அதுக்கில்லமா..."

"எதுக்கில்ல?"

செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டான். அவன் எப்போதும் பயந்தாங்கொள்ளி.

செப்டம்பர் 3, ஞாயிறு

எள், பச்சரிசி, வாழைக்காய், தர்ப்பை வாங்கியாயிற்று. எழிலுக்கு என்னுடைய அரக்குப் பட்டை எடுத்து வைத்தேன். நன்றாக இருக்கும்.

செப்டம்பர் 4, திங்கள்

சர்க்கரை பார்க்கவில்லை.

ஏரிக்கரையில் நல்ல கூட்டம். எழில் அரக்குப் பட்டில் வந்தாள். கண்பட்டுவிடும்போல இருந்தது. ஐயர் கேட்பதற்கு முன்பே சொன்னேன், "இதுதான் தனசேகர் பொண்ணு. டாக்டர் பட்டம். ஜெர்மனிக்குப் போவுது." அவர், "அப்பா ஆசீர்வாதம்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்குப் போதுமாக இருந்தது.

பிறகு ஐயர் வழக்கம்போலக் கேட்டார். "பேரு தனசேகர். திதி சொல்லுங்கோ."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. குணசேகர் என்னைப் பார்த்தான். நான் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். புரட்டாசி என்று சொல்லியிருக்கலாம், ஐயருக்கு எத்தனையோ வீடு, நினைவிருக்காது. ஆனால் திதியைப் பொய் சொன்னால் பிண்டம் அவனுக்குப் போய்ச் சேராது. அவன் பசியோடு நிற்பான். யாரிடம் வேண்டுமானாலும் நான் பொய் சொல்வேன், செத்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

"ஆவணித் தேய்பிறைப் பஞ்சமி" என்றேன்.

எழில் எள்ளைக் கையில் ஏந்திக்கொண்டாள். சொன்னபடியெல்லாம் செய்தாள். தண்ணீர் விட்டாள். வீட்டுக்கு வருகிற வழியில் ஆட்டோவில்தான் கேட்டாள்.

"ஆயா, அப்பா டெத் சர்ட்டிபிகேட்ல அக்டோபர் பத்துன்னு இருக்குது. எத்தினி அப்ளிகேஷன்ல எழுதியிருக்கேன். அக்டோபர் எப்படி ஆவணி ஆவும்?"

"திதி வேற, தேதி வேற" என்றேன்.

"வேற இல்ல ஆயா."

வீட்டுக்கு வந்து பட்டுப்புடவையைக்கூட மாற்றவில்லை. லேப்டாப்பைத் திறந்தாள். நான் இலை போட்டு, படைத்து, காக்காய்க்கு வைத்துவிட்டு வந்தேன். குணசேகர் சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டான்.

"திதின்னா சூரியனுக்கும் நிலாவுக்கும் நடுவுல எவ்ளோ தள்ளின்னு ஒரு கணக்கு" என்றாள் திரும்பாமலே. "அத எந்த வருஷத்துக்கு வேணா பின்னாடி ஓட்டிப் பாக்கலாம். 2001ல ஆவணியில தேய்பிறைப் பஞ்சமி ஒரே ஒரு நாள்தான். செப்டம்பர் ஏழு. வெள்ளிக்கிழமை."

நான் இலையில் சோறு போட்டேன்.

"அம்மா போனது புரட்டாசி மொத சனிக்கிழமைன்னு நீதான சொல்லுவ? அது செப்டம்பர் இருபத்திரண்டு." விரல் விட்டு எண்ணினாள். படித்த பெண், கம்ப்யூட்டர் எதிரில் இருக்க, விரல் விட்டு எண்ணினாள். "ஏழு, எட்டு, ஒம்போது... பதினாறாவது நாள் ஆயா. அது கருமாதி. அதான் வீடு நெறைய ஆளுங்க. அதான் வடை பாயசம்."

"சோறு ஆறுது, சாப்புடு."

"அந்தப் புதுப்புடவை." லேப்டாப்பை மூடினாள். "மாம்பழக் கலரு. மாமா வீட்லேர்ந்து போட்ட கோடிப் புடவை தான அது? தாலி எடுத்த அன்னிக்கு, பொறந்த வீட்ல போடற புடவை. அதத்தான் நீ இருவத்திரண்டு வருஷமா, மினுக்கிகினு போனா மினுக்கிகினு போனான்னு எனக்குச் சொல்லிகினு இருந்தியா?"

குணசேகர் படியில் வந்து நின்றிருந்தான். "கோச்சுக்காதம்மா. இருவத்தோரு நாளுக்குள்ள பதியணும்னாங்க. நான் ஒரு மாசம் வுட்டுட்டேன். அதுக்கப்புறம்னா பெரிய ஆபீசுல உத்தரவு வாங்கணும், அலையணும். அதான் தேதியத் தள்ளிச் சொல்லிட்டேன். ஊர்ல நெறைய பேரு அப்படித்தான் பண்ணாங்க. வேற ஒண்ணும் மனசுல வெச்சுப் பண்ணல."

அது உண்மைதான். அவன் வேறு ஒன்றும் மனதில் வைத்துச் செய்யவில்லை. அந்தக் காகிதம் எனக்குத் தோதாக இருந்தது. அவ்வளவுதான்.

"அப்பா மொதல்ல போனாரு. அப்பறம்தான் அம்மா" என்றாள் எழில். "எதுக்கு ஆயா மாத்திச் சொன்ன? எங்கம்மா இன்னா பண்ணாங்க?"

நான் இலையை எடுத்துக்கொண்டு போய்ப் பின்னால் போட்டேன். யாரும் தொடாத இலை.

செப்டம்பர் 5, செவ்வாய்

கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறாள். இட்லி வாசலிலேயே இருக்கிறது.

செப்டம்பர் 6, புதன்

சர்க்கரை 244. பேசவில்லை.

செப்டம்பர் 7, வியாழன்

இன்றைக்கு ஏழாம் தேதி. காலையில் காபி கொண்டுபோனேன். துணியை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிக்கொண்டு, "தேங்க்ஸ். நீங்க குடிச்சீங்களா?" என்றாள்.

நீங்க.

பேச்சு வந்த நாளிலிருந்து அவள் என்னை "நீ" என்று தவிர வேறு சொன்னதில்லை. என் காலை உடைத்திருந்தாலும் தாங்கியிருப்பேன். சமையலறையில் வந்து அரைமணி நேரம் நின்றேன். அப்புறம் தலையணையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன்.

அவளிடம் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். நவீன் பார்த்தால் பார்க்கட்டும்.

அன்றைக்கு விடியற்காலை நான்கு மணிக்கு ரேணுகா வந்து என்னை எழுப்பினாள். "அத்த, இவருக்கு நெஞ்சு அடைக்குதாம், எடது கை வலிக்குதாம். வேலூருக்குக் கொண்டு போயிடலாம். ஆட்டோ கூப்பிடறேன்" என்றாள். அவள் பத்தாவது படித்தவள். எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வாள், அது பெரும்பாலும் சரியாக இருக்கும். எனக்கு அது பிடிக்காது. "என் பிள்ளைக்கு இன்னான்னு எனக்குத் தெரியாதா? வாயு. ஓமத் தண்ணி போட்டுத் தரேன். ஊரக் கூட்டாத" என்றேன். அவள் செருப்புப் போட்டுக்கொண்டு வாசல் கேட் வரைக்கும் போனாள். நான் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

இரண்டு டம்ளர் குடித்தான். ஆறு மணிக்கு, "பரவால்லமா" என்றான். எனக்குச் சொன்னான் அதை, என் முகத்தைப் பார்த்து. பத்தரை மணிக்கு எழுந்து உட்காரப் போனவன் அப்படியே சாய்ந்தான். நான்கிலிருந்து பத்தரை வரை நேரம் இருந்தது. அத்தனை நேரம் இருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு உட்கார்ந்திருந்தார்கள். என் ஓரகத்தி கேட்டாள், "ஏன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவல?" ரேணுகா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். பார்த்தாள், அவ்வளவுதான். வாய் திறக்கவில்லை. அவள் திறப்பதற்கு முன்னால் நான் திறந்தேன். "எப்படிக் கொண்டு போறது? எனக்கு யாரு சொன்னா? புருஷன் நெஞ்சப் புடிச்சுகினு கெடந்தான், இவ பக்கத்துல தூங்கிகினு இருந்தா" என்றேன்.

அதற்கப்புறம் நான் ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆளுக்கொன்று சொன்னார்கள். யாரோ அவள் பையை எடுத்து வாசலில் வைத்தார்கள். அவள் அண்ணன் சண்டைக்கு வந்தான், அவனையும் தள்ளினார்கள். எழில் மட்டும் என் பிடியில் இருந்தாள். "அம்மா அம்மா" என்று திமிறினாள். என் கை அப்போது பலமான கை.

எழில் எல்லாவற்றையும் கேட்டாள். அழவில்லை. "நீங்க அவங்களத் தேடவே இல்லையா?" என்றாள்.

தேட வேண்டியிருக்கவில்லை. நான்கு இன்லண்ட் லெட்டர் வந்தன. கடைசியாக வந்தது எழில் படம் பேப்பரில் வந்த வருடம். வேப்பனப்பள்ளி விலாசம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறாள். நான்கையும் கொடுத்தேன். நான்கும் எனக்கு மனப்பாடம். எழிலுக்கு மழைக்காலத்தில் மூச்சு இழுக்கும், தலைக்கு ஊற்றாதீர்கள். பால் பல் விழுந்தால் பயப்படுவாள், சொல்லி வையுங்கள். வயசுக்கு வந்தால் ஒரு வரி எழுதுங்கள், வர மாட்டேன், தெரிந்துகொள்ள மட்டும். நான்கு கடிதத்தில் ஒரு வரிகூட அந்த விடியற்காலையைப் பற்றி இல்லை. ஓமத் தண்ணீர் என்ற சொல் இல்லை. திட்டி எழுதியிருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

காலை ஏழு மணி பஸ்ஸில் போய்விட்டாள். இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். ஒன்றாவது விட்டுப் போவாள் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 9, சனி

நாகம்மாள், "பேத்தி எங்க?" என்றாள். "ஆராய்ச்சி வேலை" என்றேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

குணசேகர் போன் போட்டுப் பார்த்தான். எடுக்கவில்லை. "ரெண்டு நாள் இருந்துட்டு இங்க வந்துதான் போவும்" என்று எனக்குச் சொன்னான். கோழி வாங்கட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். பிறகு அவன் மாடிப்படி ஏறும்போது கூப்பிட்டு வாங்கச் சொன்னேன்.

செப்டம்பர் 11, திங்கள்

நேற்றைய குழம்பைச் சுட வைத்தேன். நிறைய மீந்துவிட்டது.

செப்டம்பர் 12, செவ்வாய்

சாயங்காலம் எழில் கூப்பிட்டாள்.

"நல்லா இருக்கேன். இங்கேர்ந்தே நேரா பெங்களூர் போயிடறேன்."

"இங்க வராமலா?"

"நேரம் இல்ல."

வேப்பனப்பள்ளிக்கும் எங்கள் ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியாதா? பின்னால் பாத்திரம் தேய்க்கிற சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரே சீராக. யார் தேய்க்கிறது என்று கேட்க வாய் வரவில்லை.

"உங்கம்மா என்னப் பத்தி எதுனா..."

"கேக்கலங்க. ஒண்ணும் கேக்கல."

கேக்கலங்க.

ஏதாவது பேச வேண்டும் என்று, "அந்த நட்சத்திரம் கெடச்சுதா கண்ணு?" என்றேன்.

"இல்ல. புகையோட வயசத் திருத்திப் போட்டுப் பாத்தேன். அது நடுவுல வரல. ரொம்பத் தள்ளிப் போவுது. அந்தக் கூட்டத்துப் பக்கமும் போவல."

"அப்ப அது எங்கேர்ந்துதான் வந்துச்சு?"

"தெரியல" என்றாள். "ரெண்டு வருஷ வேலை போச்சு. சரி, வெச்சுடறேன்."

வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

சர்க்கரை 238. விமானம் ராத்திரி என்று குணசேகர் சொன்னான்.

செப்டம்பர் 15, வெள்ளி

இறங்கிவிட்டதாக யுவராணிக்குச் செய்தி வந்ததாம். எனக்கு வரவில்லை.

செப்டம்பர் 23, சனி

இன்றைக்குப் புரட்டாசி முதல் சனிக்கிழமை. பெருமாளுக்குத் தளிகை போடவில்லை. தபாலாபீசுக்குப் போய் இன்லண்ட் லெட்டர் ஒன்று வாங்கி வந்தேன். அதில் எழுதுவதற்கு முன்னால் இங்கே எழுதிப் பார்க்கிறேன். தப்பு வந்தால் அதில் அடிக்க இடம் இருக்காது.

ரேணுகாவுக்குப் பட்டம்மாள் எழுதுவது.

நான்கு கடிதத்துக்கும் பதில் போடவில்லை. இது அதற்குப் பதில் இல்லை. எழில் பதினான்கு வயதில், பங்குனி மாதம் வயசுக்கு வந்தாள். நீ கேட்டிருந்தாய். பால் பல் விழுந்தபோது பயப்படவில்லை, கூரைமேல் எறிந்தாள். மூச்சு இழுப்பது பத்து வயதோடு நின்றது. ஜெர்மனியில் குளிர் என்கிறார்கள், நீ சொன்னால் குல்லா போடுவாள், சொல்லு.

நீ தூங்கவில்லை. நான்தான் கேட்டைப் பூட்டினேன். இதை எழிலிடம் சொல்லிவிட்டேன். குணசேகரிடமும் அவன் பெண்டாட்டியிடமும் சொல்லிவிட்டேன். என் ஓரகத்தி செத்துவிட்டாள், அவளிடம் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சாப்பிட வந்த மற்றவர்கள் வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன். மூன்று வீடு ஆயிற்று. கால் வீங்குகிறது, அதனால் மெதுவாக. சிலர் கதவைத் திறந்து, இத்தனை வருடம் கழித்து இது எதற்கு என்கிறார்கள். நாகம்மாள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. அப்படிக் கேட்கிற முகம் எனக்கு இல்லை. நீ இங்கே வர வேண்டாம். நான் அங்கே வர மாட்டேன்.

உங்கள் கல்யாணப் போட்டோவில் உன் பக்கத்தை நான் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டேன். தனசேகர் தோளில் உன் விரல் நான்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை வெட்டினால் அவன் சட்டையும் போகும் என்று விட்டேன். அந்த விரலைத்தான் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறேன். எழில் உன்னிடம் ஐந்து நாள் இருந்தாளே, இரண்டு பேரும் சேர்ந்து ஏதாவது எடுத்திருப்பீர்கள். போனில் அனுப்பினால் எனக்குத் திறக்கத் தெரியாது, இனிமேல் யாரிடமும் திறந்து காட்டச் சொல்லவும் முடியாது. ஸ்டுடியோவில் கொடுத்து ஒன்று போட்டு, புதுப் போட்டோ, நீயும் அவளும் இருக்கிற மாதிரி, தபாலில் அனுப்பி வை.